சுக்காவுக்குப் பச்சை மட்டை

எனக்கு எபிரேய மொழியில் பத்து வார்த்தைகள் தெரியும். சிரிக்காதீர்கள். நம் வகுப்பில் மூன்று வருஷம் இந்தி டியூஷனுக்குப் போய்ப் பத்து வார்த்தை தேறாதவர்கள் இருக்கிறீர்கள், யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பத்தையும் நான் ஒரே மாதத்தில் கற்றேன், ஐந்தாம் வகுப்பில், இதே காரைக்குடியில். சொல்லித் தந்தவளை உங்கள் எல்லோருக்கும் தெரியும். சில மாதங்களே நம்மோடு இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த கொச்சிக்காரி.

அவளை நீங்கள் கிறிஸ்தவப் பெண் என்று நினைத்தீர்கள். டீச்சரும் அப்படியே நினைத்து ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டார். அவள் மறுத்துப் பேசவில்லை. அவர்கள் யூதர்கள் என்பது வகுப்பில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஏனென்றால் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அவள் அப்பா வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாடுவது எங்கள் அடுப்படியில் கேட்கும்.

வீட்டுக்கார ஆச்சியின் பெரிய வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். அதன் பக்கவாட்டில், முன்பு கார் நிறுத்திய கொட்டகையைத் தடுத்து இரண்டு குடித்தனமாக்கியிருந்தார்கள். ஒன்றில் நாங்கள், மற்றதில் அவர்கள். எங்களுடையது ஒற்றை அறையும் அதை ஒட்டிய அடுப்படியும். அவர்களுடையது இரண்டு அறை, கிணற்றைப் பார்த்தாற்போல் தனி அடுப்படி. முன்னால் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு வெற்றிடம், அதை ஒட்டி இரும்புக் கேட்டு, கேட்டைத் தாண்டினால் தெரு.

அந்த ஆனி மாதம் சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி, புதுச் சித்தியோடு எங்கள் ஒற்றை அறைக்கே வந்துவிட்டார். குறுக்கே கயிறு கட்டி அதில் ஒரு ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டார்கள். ஜமுக்காளத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர். சித்தி இருமினால்கூட வாயைப் பொத்திக்கொண்டு இருமுவாள். அப்பா இரண்டு தடவை ஆச்சியிடம் போய், பக்கத்துப் போர்ஷனைத் தம்பிக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். "அவுக பாட்டுக்குத் தேமேன்னு இருக்காக. ஒரு சத்தமில்ல, சண்டையில்ல. நான் எந்த மூஞ்சியோட காலி பண்ணச் சொல்றது?" என்று ஆச்சி சொல்லிவிட்டாள். அப்பா திரும்பி வந்து சட்டையை ஆணியில் மாட்டினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

அப்பாவும் அவள் அப்பா கொச்சி மாமாவும் ஒரே மில்லில் வேலை. அப்பா ஸ்டோர் கீப்பர், மாமா மின்சாரப் பிரிவில் சூப்பர்வைசர். இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் போன நாளும் உண்டு.

ஐப்பசி பிறக்கப் பத்து நாள் இருக்கும்போதே என் சிநேகிதிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கூடாரப் பண்டிகை வருகிறது என்றாள். வீட்டுக்கு வெளியே ஓலையில் ஒரு குடிசை போட்டு, ஏழு நாளும் அதற்குள்தான் சாப்பிட வேண்டும். அந்தக் குடிசைக்குப் பெயர் சுக்கா. எனக்கு அடக்க முடியவில்லை, ஆட்டுக்கறியா கோழியா என்று கேட்டேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளாகவே வந்து அடுத்த வார்த்தையைச் சொன்னாள். கூரைக்குப் பெயர் ஸ்ஹாஹ். அதைச் சொல்ல, தொண்டையில் மீன்முள் மாட்டினால் காறுவோமே, அப்படிக் காற வேண்டும். நான் காறிக் காறிப் பழகியதைப் பார்த்து அம்மா கஷாயம் போட்டுக் கொடுத்தாள்.

ஒரு நாற்பது பக்க நோட்டில் தமிழ் எழுத்தில் எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். லூலாவ் என்பது விரியாத ஈச்சங்குருத்து. மாமா எங்களைச் சைக்கிளில் முன்னால் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வைத்துக்கொண்டு ஊருக்கு வெளியே கண்மாய்க் கரைக்குப் போய் அதை வெட்டி வந்தார். ஹதாஸ், அராவா இரண்டும் இலைகள். இங்கே கிடைக்காது. கொச்சியிலிருந்து யாரோ ரயிலில் ஈரத்துணி சுற்றிக் கொண்டு வந்தார்கள். எத்ரோக் மட்டும் நம் நார்த்தங்காய்க்கு அண்ணன் தம்பி. அதற்காகச் சந்தையில் மாமா ஒவ்வொரு காயாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். தோலில் ஒரு வடு இருக்கக்கூடாது, நுனியில் இருக்கும் சின்ன மூக்கு உடைந்திருக்கக்கூடாது. காய் விற்ற அம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஊறுகா போடப் போறீகளா, பொண்ணு பாக்க வந்தீகளா?" என்றாள். மாமா கோபித்துக்கொள்ளவில்லை. முப்பதாவது காயைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

எனக்குப் பிடித்த வார்த்தை உஷ்பிஸின். விருந்தாளிகள் என்று அர்த்தம். ஒவ்வொரு ராத்திரியும் அவர்களுடைய முன்னோர் ஒருவர் அந்தக் குடிசைக்குச் சாப்பிட வருவாராம். கண்ணுக்குத் தெரியமாட்டார். கண்ணுக்குத் தெரிகிற விருந்தாளியும் கூட இருந்தால்தான் அவருக்கு உட்காரப் பிடிக்குமாம். அதனால் முதல் ராத்திரி எங்கள் வீட்டார் எல்லோரும் வர வேண்டும் என்றாள். இந்த வார்த்தை எபிரேயம்கூட இல்லை, பக்கத்துப் பாஷை என்று பின்னால் தெரிந்தது. அப்படியானால் எனக்குத் தெரிந்தது ஒன்பதுதான்.

இன்னொன்று சிம்ஹா. சந்தோஷம். அந்த ஏழு நாளும் சந்தோஷமாக இருப்பது அவர்களுக்கு இஷ்டமில்லை, கட்டளை. அழக்கூடாது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக்கூடாது. "அடி வாங்குனாலுமா?" என்று கேட்டேன். "அடி வாங்குனாலும்" என்றாள்.

குடிசை போட ஆச்சியிடம் மாமா முறையாகப் போய் உத்தரவு கேட்டார். நானும் கூடப் போனேன். "கீத்துக் கொட்டகைதானே, போட்டுக்கிருங்க. எங்க பொண்ணைப் பாக்கப் பௌர்ணமி அன்னைக்குக் கொத்தமங்கலத்துல இருந்து வாராக. வாசல் மட்டும் துப்புரவா இருக்கணும்" என்று ஆச்சி சொன்னாள். ஆச்சி மகளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஏற்கனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. அந்த வீட்டில் எல்லோரும் அந்த நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். இதை அப்பாவும் அறிவார்.

கூரைக்கு ஓலை வாங்கித் தருகிறேன் என்று அப்பா தானாகவே பொறுப்பேற்றார். மாமாவுக்கு ஒரே நன்றி. ஊர் தெரியாத இடத்தில் யாரிடம் கேட்பது என்று தவித்துக்கொண்டிருந்தார்.

பண்டிகைக்கு முதல் நாள் பகலில் கீற்றுக்காரர் வண்டியில் காய்ந்த கீற்று கொண்டு வந்து கேட்டுக்கு வெளியே நிறுத்தினார். மாமா மில்லில் இருந்தார். சாப்பாட்டுக்கு வந்திருந்த அப்பா போய்ப் பார்த்தார். நான் கேட்டில் ஏறி ஆடிக்கொண்டிருந்தேன்.

"இது வேணாம்ப்பா. பச்சையாக் கொண்டா. பத்து மட்டை, பின்னியே கொண்டாந்துரு" என்றார் அப்பா.

கீற்றுக்காரர் தலைத்துண்டை அவிழ்த்தார். "எந்த வீட்டுல கேதம்? எனக்குச் சேதி வரலையே."

"கேதமெல்லாம் ஒண்ணுமில்ல. நீ பேசாமக் கொண்டா."

"பின்ன எதுக்குப் பச்சை மட்டையைப் பின்னச் சொல்றீக?"

"அவுக மலையாளத்துக்காரவுக. அவுக வழக்கம்."

உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். நம் பக்கம் பச்சைத் தென்னை மட்டையைப் பின்னினால் அது பாடைக்குத்தான். சாவு வீட்டு வாசலைத் தவிர வேறெங்கும் அதைப் பார்க்க முடியாது. விளையாட்டுக்குப் பின்னினாலும் முதுகில் அறை விழும். பத்து வயதில் எனக்கே அது தெரியும். கேட்டிலிருந்து இறங்கி ஓடிப்போய் அப்பாவின் வேட்டியைப் பிடித்தேன்.

"அப்பா, பச்சை மட்டை செத்தவுகளுக்குத்தானே?"

"அது நமக்கு. அவுகளுக்கு அப்படி இல்ல. அவுக சாமிக்குப் பச்சைதான் விசேஷம்" என்றார். பிறகு குனிந்து, தணிந்த குரலில், "அங்குட்டுப் போயி இதைச் சொல்லி அவுகளைக் கொழப்பிவிடாத. பண்டிகை நேரம், மனசு சங்கடப்படும்" என்றார்.

நான் நம்பினேன். ஏன் நம்பமாட்டேன்? எனக்குச் சைக்கிள் பழக்கிவிட்டவர், காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். அவர் சொல்லி ஒன்று பொய்யாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அம்மாவும் வாசலுக்கு வந்து, "பச்சையாவா போடப் போறீக?" என்று கேட்டாள். அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். அம்மா உள்ளே போய்விட்டாள். அவளுக்கும் தெரியும் என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை, கவனிக்கிற வயதுமில்லை.

சாயங்காலம் பச்சை மட்டைகள் வந்திறங்கின. மாமா சந்தோஷப்பட்டார். எங்கள் கொச்சியில் பச்சை கிடைத்தால் அது தனி அழகு என்று சொல்லி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். என் சிநேகிதியின் அம்மாதான் மட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தையில் ஏதாவது கேள்விப்பட்டிருந்தாளோ என்னவோ. என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"மோளே, இந்தப் பச்சை ஓலையை வாசல்ல போடறதுக்கு இங்க ஆரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்கல்லே? நீ இந்த ஊர்க்குட்டி. உனக்கறியும்."

அப்பா கொட்டகைக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஒண்ணும் சொல்லமாட்டாக அத்தை" என்றேன்.

அவள் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். இருட்டுவதற்குள் சுக்கா எழுந்துவிட்டது. சுவர்களுக்கு அம்மாவின் பழைய சேலைகளும் அத்தையின் சேலைகளும். நானும் என் சிநேகிதியும் கலர்ப் பேப்பரில் சங்கிலி ஒட்டி உள்ளே மாட்டினோம். ஒரு சீப்புப் பூவன் பழம், நாலு மாதுளை, சரம் சரமாகக் காய்ந்த மிளகாய். மட்டைகளை நெருக்கிப் போட அப்பா பார்த்தபோது மாமா தடுத்தார். இடைவெளி வேண்டும், உள்ளே இருந்து பார்த்தால் நட்சத்திரம் தெரிய வேண்டும். மழை வந்தால்? நனைய வேண்டியதுதான், என்று சிரித்தார்.

அன்று ராத்திரி மழை வரவில்லை. மட்டைகளின் சந்து வழியாக நிலா வெளிச்சம் எங்கள் தட்டுகளில் விழுந்தது. ஆப்பம், தேங்காய்ப்பால் விட்ட மீன் குழம்பு, முட்டை, ரவையில் செய்த ஏதோ ஒரு இனிப்பு. மாமா கையில் தம்ளரை ஏந்தி நீளமாக ஒரு ஜெபம் சொல்லி, கடைசியில் "லேஷேவ் பசுக்கா" என்று முடித்தார். சுக்காவில் குடியிருக்க என்று அர்த்தமாம். பிறகு எல்லோரையும் பார்த்து "ஹக் சமேயாஹ்" என்றார். நல்ல சந்தோஷமான பண்டிகையாக இருக்கட்டும். நான் பிசகாமல் திருப்பிச் சொன்னதும் அத்தை என்னை இழுத்து உச்சந்தலையில் முத்தம் கொடுத்தாள். அம்மா தலைவலி என்று வரவில்லை. சித்தப்பாவும் சித்தியும் கூச்சத்தோடு ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அப்பா ஐந்து ஆப்பம் சாப்பிட்டார். மீன் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். பச்சை மட்டை வாசனையும் மீன் குழம்பு வாசனையுமாக அந்தச் சின்ன இடம் நிறைந்திருந்தது.

அந்த ஐந்து ஆப்பத்தைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஆச்சி சாமான் வாங்கத் தேவகோட்டை போயிருந்தாள். ராத்திரி வந்தவள் முன்வாசல் வழியே நேரே உள்ளே போய்விட்டாள். காலையில் அடுப்படியில் பலகார வேலை. பக்கவாட்டில் என்ன இருக்கிறது என்று அவள் எட்டிப் பார்க்கவே இல்லை.

பத்து மணி இருக்கும். மில்லுக்கு அன்று வார விடுமுறை, மாமாவும் வீட்டில்தான் இருந்தார். ஈச்சங்குருத்தும் இலைகளும் வலது கையில், எத்ரோக் இடது கையில் வைத்துக்கொண்டு அவர் சுக்காவுக்குள் நாலு திசைக்கும் ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். முன்வாசலுக்குப் போகிற வழியில் கொத்தமங்கலத்துக் கார் எங்கள் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. முன்சீட்டில் ஒரு பெரியவர், பின்னால் மூன்று பெண்கள், மடியில் பூவும் பழமுமாகத் தட்டு. கார்க் கதவு திறக்கும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி மட்டும் இறங்கியது. பெரியவர் பச்சை மட்டையைப் பார்த்தார். கீழே, வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்த மாமாவைப் பார்த்தார். பின்னாலிருந்த ஒரு பெண் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். கண்ணாடி ஏறியது. கார் பின்னுக்குப் போய்த் திரும்பிக் கிளம்பிவிட்டது.

சத்தம் கேட்டு ஆச்சி வெளியே வந்தபோது தெருவில் புழுதிதான் இருந்தது. பட்டுச்சேலையோடு, கையில் வெற்றிலைத் தட்டோடு வந்தவள், காரைத் தேடிய கண்ணை இந்தப் பக்கம் திருப்பினாள். ஆச்சி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க வீட்டு வாசல்ல பாடை கட்டி வச்சிருக்கீகளே. நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?"

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பண்டிகை அம்மா, பாடை இல்லை, என்றார். அத்தைக்குப் புரிந்துவிட்டது. அவள் மட்டைகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

ஆச்சி அப்பாவைக் கேட்டாள். "நீக பக்கத்துலதானே இருக்கீக. அவுகளுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?"

"நான் ஸ்டோர்ல இருந்து வாரதுக்கே பொழுது சாஞ்சிருச்சு ஆச்சி. மட்டை வந்து கெடந்துச்சு. அவுக சாமி வழக்கம்ங்கவும் நான் என்னத்தச் சொல்ல?" என்றார் அப்பா. குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

மாமா அப்பாவின் முகத்தையே பார்த்தார். வாயைத் திறந்தார். நேற்று தன் வீட்டு விருந்தாளியாக உட்கார்ந்து சாப்பிட்டவரை நாலு பேர் முன்னால் பொய்யன் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை போலிருக்கிறது. அதை இப்போது நான் யூகிக்கிறேன். அப்போது அவர் ஏன் பேசாமல் நிற்கிறார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஆச்சி என் பக்கம் திரும்பினாள். "நீ இவுக கூடவேதானே திரிஞ்சே. சொல்லு, யாரு பச்சை மட்டை கேட்டு வாங்குனது?"

அப்பா என்னைப் பார்த்தார். முறைக்கவில்லை, மிரட்டவில்லை. அப்படிப் பார்த்திருந்தால்கூட உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. காய்ச்சல் நேரத்தில் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார்.

"மாமாதான்" என்றேன்.

என் சிநேகிதி பேப்பர்ச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சங்கிலி அறுந்து அவள் கையோடு வந்துவிட்டது.

இதை உடனே பிரித்தெடுங்கள் என்றாள் ஆச்சி. மாமா கையெடுத்துக் கும்பிட்டார். இன்றும் நாளையும் எங்களுக்குப் பெரிய நாள், கட்டவும் கூடாது, பிரிக்கவும் கூடாது, நாளை மறுநாள் நானே பிரித்துவிடுகிறேன் என்றார். ஆச்சி கேட்கிற நிலையில் இல்லை. அப்போது அப்பா முன்னால் வந்து, "நீங்க தொட வேணாம் சார். உங்களுக்கெதுக்குப் பாவம். நான் பிரிச்சுத் தாரேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

அரைமணி நேரத்தில் எல்லாம் தரைக்கு வந்துவிட்டது. மட்டைகளைத் தெருவில் இழுத்துப் போட்டார். சேலைகளை மடித்து அத்தையிடம் நீட்டினார். என் சிநேகிதிக்கு உதடு துடித்தது. மாமா அவள் தோளில் கைவைத்து மலையாளத்தில் ஏதோ சொன்னார். அதில் எனக்குப் புரிந்தது ஒரு வார்த்தைதான், சிம்ஹா. அவள் அழவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நேராக நின்றாள். அவளுக்குச் சேர்த்து நான்தான் வீட்டுக்குள் போய் அழுதேன். அம்மா என்ன ஏது என்று கேட்கவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

கொத்தமங்கலத்து இடம் அதோடு முறிந்தது. ஆச்சி மகளுக்கு அடுத்த வருஷம் தேவகோட்டையில் நல்ல இடம் அமைந்து, பேரன் பேத்தி எடுத்து நன்றாகவே இருக்கிறாள். அது வேறு கதை. கார்த்திகை மாதத்தில் கொச்சிக் குடும்பம் காலி செய்தது. தை மாதம் சித்தப்பாவின் டிரங்குப் பெட்டி அந்த வீட்டுக்குள் போனது. ஜமுக்காளத்தை அவிழ்த்துத் துவைத்துக் காயப்போட்டார்கள். புதுச் சித்தி கிணற்றடி அடுப்படியில் பால் காய்ச்சினாள். எல்லோருக்கும் கொடுத்தார்கள். அப்பா வாசலில் உட்கார்ந்து அந்தப் பாலைக் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு, "இனி நிம்மதி" என்றார். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஆச்சியிடம் இரண்டு தடவை கேட்டது, காய்ந்த கீற்றைத் திருப்பி அனுப்பியது, என்னிடம் குனிந்து பேசியது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது. என் தம்ளரை அப்படியே கிணற்றடியில் கொட்டினேன். கை தவறிவிட்டது என்று சித்தி இன்னொரு தம்ளர் கொடுத்தாள்.

அப்பா படுக்கையில் விழுந்த கடைசி வருஷம் ஒரு நாள் கேட்டேவிட்டேன். எனக்கு அப்போது ஐம்பது வயது. நாற்பது வருஷம் அடக்கி வைத்திருந்த கேள்வி. "வேணுமின்னேதானே பச்சை மட்டை கொண்டாரச் சொன்னீக?"

அவர் யோசித்துப் பார்த்தார். நிஜமாகவே யோசிக்க வேண்டியிருந்தது அவருக்கு. பிறகு, "அதையா இன்னும் வச்சுக்கிட்டு இருக்க? உங்க சித்தப்பன் பொண்டாட்டியோட நடுத்தெருவுலல்ல நின்னான். அவுகளுக்கென்ன, படிச்சவுக, எங்க போனாலும் பொழைச்சுக்கிருவாக. ஆச்சி நாலு சத்தம் போடும், காலி பண்ணுவாகன்னு பாத்தேன். காரு வந்து நிக்கும்னு நான் கண்டேனா?" என்றார். கொஞ்சம் கழித்து, "அந்த மீன் குழம்பு நல்லா வச்சிருந்தாக" என்றார்.

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். மருந்து கொடுக்க மட்டும் திரும்பி வந்தேன்.

இத்தனை வருஷமும் நம் கூட்டங்களில் அவள் பேச்சு வந்தபோதெல்லாம் நான் உங்களிடம் சொன்னது ஒன்றுதான். கார்த்திகையில் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள், பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்குக்கூடச் சொல்லவில்லை என்று. சொல்லும்போது என் கண் நிறையும். நீங்களும் பாவம், என் பக்கம் பேசுவீர்கள்.

போன மாதம் நம்மில் ஒருத்தியின் மகன், யூதர்களுடைய தேசத்துக்கு வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனவன், வேலை செய்கிற வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அம்மாளைப் பார்த்திருக்கிறான். காரைக்குடியா, நானும் அங்கே ஒரு ஸ்கூலில் படித்தேன் என்றாளாம். மறுநாளே அவள் நம் வாட்ஸ்அப் குழுவில் இருந்தாள். எல்லோரும் பூப்பூவாகப் போட்டீர்கள். அதற்கு நடுவில் ஒருத்தி, என் மேல் உள்ள பாசத்தில்தான், "இவகிட்டக்கூடச் சொல்லாமப் போயிட்டியே, எத்தனை வருஷம் அழுதா தெரியுமா?" என்று எழுதினாள். கொச்சிக்காரி பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டாள். வேறொன்றும் எழுதவில்லை.

அந்தக் கும்பிடு எனக்குத் தாங்கவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு தனியாக அவளுக்கு எழுதினேன். பச்சை மட்டை கேட்டு வாங்கியது எங்கப்பா, எனக்கு அப்போதே தெரியும், உங்கம்மா கேட்டபோதும் பொய் சொன்னேன், ஆச்சி கேட்டபோதும் பொய் சொன்னேன், என்று நாலே வரி.

குரலில் பதில் வந்தது. தமிழ் பாதி மறந்துபோய், தேடித் தேடிப் பேசினாள்.

"அது எங்களுக்கு அன்னைக்கே தெரியும். அம்மா சொன்னா, குட்டி என்ன செய்யும், அப்பாவைக் காட்டிக் கொடுக்குமா? அதுக்கு உன்மேல கோவமில்ல. எங்கப்பாவும் கோவப்படல. போற அன்னைக்கு வண்டி வந்து நின்னப்புறம் உங்க கதவைத் தட்டினேன். உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கதவுக்கடியில உன் கால் தெரிஞ்சுது. வண்டிக்காரர் சத்தம் போடற வரைக்கும் நின்னேன். அதுதான் எனக்கு இப்பவும் புரியல."

நான்கு தடவை போட்டுக் கேட்டேன். பதில் எழுத வரவில்லை. உங்களுக்கு எழுதுகிறேன்.

அவள் சொல்லாமல் போகவில்லை. தட்டினாள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூட விடாமல் நின்றிருந்தேன். எத்தனையோ வருஷமாக எல்லாவற்றுக்கும் எங்கப்பாவைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்று அம்மா சித்தியோடு கடைக்குப் போயிருந்தாள். அப்பா மில்லில் இருந்தார், சித்தப்பாவும் வெளியே போயிருந்தார். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.